கைமாறும் தச்சுப் பொறிகள்

(நம் சங்கத்து மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்துரு)



திங்கள்தோறும் இவ்வவையில் யாம் பேசிவருவது பெரும்பாலும் நூற்பொருள் பற்றியேயாம். இம்முறை செயலாளர் அவர்கள் எம்மை அழைத்து, "இலக்கியம் அடுத்த மாதம் ஆகட்டும், நம் பிள்ளைகள் பழைய மெஷின் வாங்கப் போய்ப் பணத்தைத் தொலைத்துவிட்டு நிற்கிறார்கள். நீங்கள் பட்டதைச் சொல்லுங்கள்" என்றார்கள். 'பட்டது' என்னும் சொல்லை அவர்கள் தெரிந்தே இட்டார்கள் போலும். எம் தந்தையார் தச்சர். யாமோ இழைப்புளி பிடிக்கக் கற்காமல் எழுத்தாணி வழியே சென்றவர். ஆதலின் யாம் கூறப்போவது கைத்தொழில் வல்லான் ஒருவனது உரை அன்று. ஒருமுறை ஏமாந்து, அதன்பின் வல்லாரை அடுத்துக் கேட்டுத் தெளிந்த ஒருவனது உரை எனக் கொள்க.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் எம் சிற்றப்பா மகன் தனியே பட்டறை வைக்க விழைந்தான். புதிய இழைப்புப் பொறி (பட்டறையில் பிளேனர் என்று வழங்குவது) வாங்க அவனிடம் பொருள் இல்லை. அயலூரில் ஒருவர் தொழிலை விடுவதாகவும், தம் பொறியை விற்பதாகவும் கேள்வியுற்றான். சீட்டெடுத்த பணமும், மனைவியின் கைவளை அடகுவைத்த பணமுமாகச் சேர்த்துக்கொண்டு, "அண்ணா, நீங்களும் கூட வாருங்கள், படித்தவர் ஒருவர் உடன் இருந்தால் நல்லது" என்று எம்மை அழைத்தான். சென்றோம். பொறி பச்சை வண்ணம் பூசப்பெற்று மின்னிற்று. விற்பவர் மோர் கொடுத்தார், தம் தந்தையார் காலத்துப் பெருமைகளை எடுத்துரைத்தார், பொத்தானை அழுத்தினார், பொறி இனிதே ஓடிற்று. மாணாக்கர் கட்டுரையில் ஓர் ஒற்று மிகினும் குறையினும் கண்டுபிடிக்கும் எம் கண்கள், அன்று அவ்வண்ணத்தையே கண்டு மகிழ்ந்து நின்றன. பணம் கைமாறிற்று.

வீடு வந்து சேர்ந்த மூன்றாம் நாள் தம்பி இரண்டு பலகைகளை இழைத்து ஒட்டப் பார்த்தான். நடுவில் நகம் நுழையும் இடைவெளி நின்றது. எத்துணை முறை திருத்தினும் அஃது அகலவில்லை. பின்னர் அனுபவமிக்க ஃபிட்டர் ஒருவர் வந்து, மேசையின் அடிப்புறத்தைச் சுரண்டினார். பச்சை வண்ணத்தின்கீழ்ப் பட்டியும், பட்டியின்கீழ்ப் பித்தளைப் பற்றும், அதன்கீழ் ஒரு முழ நீளத்து விரிசலும் காணப்பட்டன. என்றோ கீழே விழுந்து உடைந்து, பற்றவைக்குங்கால் சூட்டினால் திருகிப்போன மேசை அது. விற்றவரிடம் சென்று கேட்டபோது அவர் சொன்ன விடை ஒன்றே: "பார்த்துத்தானே எடுத்தீர்கள்?"

அவ்வொரு வாக்கியம் எம்மை நெடுநாள் வருத்திற்று. வழக்கறிஞர் நண்பர் ஒருவரிடம் கேட்டபோது, அவ்வாக்கியத்தின் பின்னே சட்டமும் பெரும்பாலும் நிற்கின்றது என்று கூறினார். 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு, ஒரு பொருளை விற்பதையே தொழிலாக உடைய வணிகர்க்குச் சில பொறுப்புகளை விதிக்கின்றது. தம் பட்டறைப் பொறியை ஒருமுறை விற்கும் தனியாள்மீது அப்பொறுப்புகள் ஏறுவதில்லை. விற்கும் உரிமை தமக்குண்டு என்னும் பொறுப்பு மட்டும் 14-ஆம் பிரிவின்படி யாவர்க்கும் உண்டு. பிறர் பொருளையோ, கடனுக்கு ஈடாக நிற்கும் பொருளையோ விற்பவர் உளராதலின், பழைய விலைச்சீட்டு உண்டா, வங்கிக் கடன் தீர்ந்ததா என்று கேட்டறிதல் வாங்குவார் கடமை. குறையை வாய்திறந்து சொல்லாமை மட்டும் மோசடி ஆகாது. அறிந்தே அதனை மூடி மறைத்தல் 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம், 17-ஆம் பிரிவின்படி மோசடியாம். பட்டி வைத்து வண்ணம் பூசியது மறைத்தல் அன்றோ எனின், ஆம். ஆனால் பூசியவர் இவரா, இவருக்கு முன் வைத்திருந்தவரா என்பதை மெய்ப்பிக்க வேண்டியவன் எம் தம்பி. அவனோ பட்டறைக்கு வாடகை கட்டவும் வழியின்றி நின்றான். வழக்கு இல்லை, வளையலும் மூழ்கிற்று.

நிற்க. இவ்வளவும் கேட்டுப் பழைய பொறியே ஆகாதென்று எவரும் துணிந்துவிட வேண்டா. இங்கிலாந்து நாட்டுப் போர்ட்சுமவுத்துத் துறையில், போர்க்கப்பல்களுக்கு வேண்டிய மரக் கப்பிகளைச் செய்தற்கென்று மார்க் புருனெல் வகுத்த பொறிகளை ஹென்றி மாட்ஸ்லே என்னும் கைவினைஞர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரும்பால் செய்தளித்தார். 1808-ஆம் ஆண்டில் அவை 1,30,000 கப்பிகளைச் செய்தன. அவற்றுள் சில இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை ஓடிக்கொண்டிருந்தன. இன்று இலண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் சில வைக்கப்பெற்றுள்ளன. நல்ல வார்ப்பிரும்புக்கு மூப்பு எளிதில் வருவதில்லை. நம்மவர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. பச்சை மரத்தில் கதவு செய்தால் அது திருகும்; ஆறப்போட்ட மரமோ நிலைத்து நிற்கும். வார்ப்பிரும்பும் அத்தகையதே. வார்த்த புதிதில் அதனுள் இழுவிசைகள் அடங்கிக் கிடக்கும். அதனால் முற்காலத்துப் பொறி செய்வோர் வார்ப்புகளை மாதக்கணக்கில் வெளியில் போட்டு ஆறவிட்டுப் பின்னரே கடைந்தனர். பல்லாண்டு நின்று இன்றும் நேராயிருக்கும் மேசை இனி எளிதில் திருகாது. இக்காலத்து மெல்லிய தகட்டாற் செய்த புதுப்பொறியினும் அது மேலாதல் உண்டு.

ஆகவே எது போனால் கடையிற் கிடைக்கும், எது போனால் எங்கும் கிடைக்காது என்பதை முதலில் பகுத்துணர வேண்டும். பெல்ட்டு, பேரிங்கு, ஸ்டார்ட்டர், கத்தி, மோட்டாரின் காயில் ஆகிய இவை போயிருப்பின் அஞ்ச வேண்டா. அவற்றின் விலையைக் கணக்கிட்டுக் கழித்துக்கொள்ளலாம். மேசை, அடித்தளம், கத்தியுருளை, அஃது ஓடும் அச்சு ஆகிய இவற்றிற் குறையிருப்பின், இனாமாகக் கொடுத்தாலும் ஏற்றுக்கூலி நட்டம். வாங்கச் செல்வோர் பெரும்பாலோர் இதனைத் தலைகீழாகவே செய்கின்றனர். மோட்டார் ஓடுகின்றதா என்று பார்க்கின்றனர். மேசையைக் கையால் தடவிவிட்டு வருகின்றனர். யாமும் அதுவே செய்தோம்.

மேசையைப் பார்க்குமாறு எங்ஙனம்? நம் தாய்மார்கள் சந்தையில் மண்சட்டி வாங்குங்கால் விரலால் தட்டி ஓசை கேட்பதைக் கண்டிருக்கின்றோம். வார்ப்பிரும்பும் அவ்வாறே பேசும். சிறு சுத்தியால் மெல்லத் தட்டினால் முழுமையான வார்ப்பு மணிபோல் ஒலிக்கும். விரிசலுடையது அடைத்த குரலில் ஒலிக்கும். ஐயமுள்ள இடத்தில் மண்ணெண்ணெய் தடவிச் சிறிதுநேரம் விட்டு, நன்கு துடைத்து, வெள்ளைச் சுண்ணக்கட்டியைத் தேய்த்தால், விரிசலுள் புகுந்த எண்ணெய் கசிந்து வந்து சுண்ணத்தின்மேல் ஒரு கோடாக நிற்கும். வண்ணம் பூசிய இடத்தில் இச்சோதனை பலிக்காது. அங்கே விற்பவரைக் கேட்டு ஒரு காசளவு சுரண்டிப் பார்க்க வேண்டும். அதற்கு அவர் இசையாவிடின் விடைபெற்றுக்கொண்டு வந்துவிடலாம். அடிப்புறத்தில் மட்டும் புது வண்ணம் இருந்தால் ஐயம் இருமடங்காக வேண்டும். அடிப்புறத்தை அழகு பார்ப்பவர் யார்?

அடுத்து நேர்மை. நம்பத்தக்க எஃகு மட்டக்கோல் ஒன்றை உடன்கொண்டு செல்க. நீளவாக்கிலும், அகலவாக்கிலும், மூலைக்கு மூலை குறுக்காகவும் அதனை வைத்து, அதன்கீழ் ஒரு காகிதத்தை நுழைத்துப் பார்க்க. எழுதும் காகிதம் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு கனம் உடையது. காகிதம் எங்கும் நுழையாவிடின் மகிழ்க. சிறிது நுழைந்தாலும் பெருங்குறையன்று. இரண்டு மூன்று மடிப்பு நுழையுமாயின் அம்மேசையை மறுபடி கடைய வேண்டும். அதற்கேற்ற பெரிய கடைசல் வசதி எல்லா ஊரிலும் இல்லை. மேசை இரு பகுதியாக இருப்பின், ஒன்றற்கொன்று இணையாக ஏறி இறங்குகின்றனவா என்பதையும் அம்மட்டக்கோலாலேயே அறியலாம்.

இவையெல்லாம் செய்தும் மனம் தெளியாதார்க்கு ஒரு சோதனை உண்டு. அதனையே யாம் தலையாயது என்போம். நம் வீட்டிலிருந்தே இரண்டு பலகைகளைக் கொண்டு செல்க. விற்பவர் பட்டறையிலேயே இரண்டின் விளிம்பையும் இழைத்து, ஒன்றன்மேல் ஒன்றாக விளிம்பை விளிம்பின்மேல் நிறுத்தி, வெளிச்சத்துக்கு எதிரே பிடிக்க. பொறியின் குறை ஒரு நூலாயின் அங்கே இரண்டு நூலாகத் தோன்றும். வெளிச்சம் எங்கும் புகவில்லையெனின் அப்பொறி தன் வாயாலேயே தன் மெய்யை உரைத்துவிட்டது. எம் தம்பி அன்று இரண்டு பலகை கொண்டு சென்றிருந்தால் வளையல் வீட்டில் இருந்திருக்கும்.

பேரிங்குகளைப் பற்றிச் சிறிது. பெல்ட்டைக் கழற்றிவிட்டு அச்சைக் கையாற் சுழற்றுக. கரகரப்பு உண்டாயின் பேரிங்கு போயிற்று. அச்சைப் பிடித்து மேலும் கீழும் அசைத்தால் ஆடுமாயினும் அவ்வாறே. அதன் பக்கத்தில் எண் பொறித்திருப்பர். 6205 என்றிருப்பின், கடைசி ஈரிலக்கமாகிய 05-ஐ ஐந்தாற் பெருக்க, 25 மில்லிமீட்டர் என்னும் துளையளவு கிடைக்கும். அவ்வெண்ணைச் சொன்னால் எவ்வூர்க் கடையிலும் எடுத்துக் கொடுப்பர். ஆனால் மிகப் பழைய பொறிகள் சிலவற்றில் உருளைக் குண்டுகள் இரா. வெள்ளீயக் கலவையை உருக்கி வார்த்த தாங்கிகளே இருக்கும். ஃபிட்டர்கள் இதனை ஒயிட் மெட்டல் என்பர். இது கடையில் வாங்கத்தக்கதன்று. உருக்கி வார்த்துச் சுரண்டிப் பொருத்தும் கைவல்லாரைத் தேட வேண்டும். அவ்வல்லார் அருகில் உளராயின் நன்று. இலராயின் விலையை அதற்கேற்பக் குறைத்துக் கேட்க.

மோட்டாரைப் பொறுத்தவரை ஒரு சூழ்ச்சியை மட்டும் எச்சரிக்கின்றோம். நாம் வருமுன்னரே ஓட்டிச் சூடேற்றி வைத்தால் பல குறைகள் மறையும். ஆகவே சென்றவுடன் முதற்கண் மோட்டாரின் உடலைப் புறங்கையால் தொட்டுப் பார்க்க, குளிர்ந்திருக்க வேண்டும். பின்னர் ஓட்டச் சொல்லிக் கால்மணி நேரம் பேசிக்கொண்டிருந்து மறுபடி தொடுக. எரிந்த வார்னிஷ் நாற்றம் வருகின்றதா என்றும் முகர்க. காயில் கட்டிய மோட்டார் என்பதனால் மட்டும் வெறுக்க வேண்டா. நன்றாகக் கட்டியது நெடுநாள் உழைக்கும். நம் வீட்டில் ஒருமுனை மின்சாரமே இருக்க மும்முனை மோட்டாரை வாங்கிவந்து திகைப்பாரும் உளர். இதனை வாங்குமுன் எண்ணுக. முதன்முதல் இணைக்கும்போது பெல்ட்டைக் கழற்றிவிட்டே இணைத்தல் வேண்டும். மும்முனை மோட்டார் எதிர்ப்புறமாகச் சுழன்றால், மூன்று கம்பிகளுள் எவையேனும் இரண்டை மாற்றினால் நேராகும்.

வேகத்தைப் பற்றியும் சொல்லிவிடுகின்றோம்; இஃது உயிரைப் பற்றியது. நம் நாட்டு மின்சாரம் நொடிக்கு ஐம்பது அலையுடையது. அதில் இருதுருவ மோட்டார் நிமிடத்துக்கு ஏறத்தாழ 2,880 சுற்றும். மோட்டாரில் 6 அங்குலக் கப்பியும், கத்தியுருளையில் 4 அங்குலக் கப்பியும் இருப்பின், உருளை 4,320 சுற்றும். வேலை விரைந்து முடிய வேண்டுமென்று யாரோ ஒருவர் மோட்டாரில் 8 அங்குலக் கப்பியை மாட்டியிருந்தால் அது 5,760 ஆகிவிடும்; செய்தவர் வகுத்த எல்லையைத் தாண்டிக் கத்திகள் பிய்த்துக்கொண்டு பறக்கவும் கூடும். கப்பியை அளந்து கணக்கிட ஐந்தாம் வகுப்புக் கணக்குப் போதும். பொறியின் பெயர்த்தகட்டில் வேகம் குறித்திருப்பின் அதனோடு ஒப்பிடுக.

இன்னொன்று. பண்டைய இழைப்புப் பொறிகளில் கத்தி பூட்டும் உருளை வட்டமாக இராது, சதுரமாக இருக்கும். சதுரத்தின் பக்கங்களுக்கும் மேசை விளிம்புக்கும் இடையே உண்டாகும் பெரிய வாய், வழுக்கிய விரல்களை உள்ளிழுத்துக்கொள்ளும். இங்கிலாந்தில் 1922-ஆம் ஆண்டு விதிகள், கையால் தள்ளி இழைக்கும் பொறிகளில் வட்ட உருளையே இருத்தல் வேண்டும் என்று கட்டளையிட்டன. சதுர உருளைப் பொறி ஒன்று எங்கேனும் பழம்பட்டறையில் உங்கள் கண்ணிற்படின், அது எத்துணை மலிவாயினும் காயலான் கடைக்குத்தான் உரியது. கத்திக்காப்பும் பெல்ட்டுக்காப்பும் இல்லாத பொறியை வாங்கினால், அவற்றைச் செய்து மாட்டும் செலவையும் விலையிற் சேர்த்தெண்ணுக. நம் தந்தையர் தலைமுறையில் விரல் குறைந்த கைகளை எண்ணினால் இவ்வவையிலேயே பல தேறும்.

கைப்பேசியில் படம் பார்த்து முன்பணம் அனுப்புவோர்க்கு யாம் சொல்லத்தக்கது ஒன்றுமில்லை. படம் வண்ணத்தைத்தான் காட்டும்.

இனி மறுபுறத்தையும் சொல்ல வேண்டும். மூன்றாண்டுகளுக்கு முன் எம் தெருவில் தச்சர் ஒருவர் காலமானார். அவர் மனைவியார் எம்மை அழைத்து, "வாத்தியார் தம்பி, காயலான் கடைக்காரர் வந்து எடைக்குக் கேட்கிறார், கொடுத்துவிடலாமா?" என்று கேட்டார். கொட்டகையில் ஓர் இழைப்புப் பொறியும் ஒரு பட்டைவாள் பொறியும் துருவேறிச் சிலந்திவலை போர்த்துக் கிடந்தன. முன்னொருகால் ஏமாந்த எம் தம்பியையே அழைத்து வந்தோம். அவன் வண்ணத்தைப் பார்க்கவில்லை. வண்ணம் இருந்தாலன்றோ பார்ப்பதற்கு! மேசையைத் தட்டினான், மணி ஒலித்தது. துருவைத் தேய்த்துவிட்டு மட்டக்கோலை வைத்தான், காகிதம் நுழையவில்லை. பட்டைவாளின் சக்கர விளிம்பருகே ஒரு பென்சிலைப் பிடித்துக்கொண்டு சக்கரத்தைச் சுழற்றினான். எங்கும் கோணலின்றிச் சுழன்றது. பேரிங்குகள் போயிருந்தன, சக்கரத்து இரப்பர் பொடிந்திருந்தது, மோட்டாருள் ஒன்று எரிந்துபோயிருந்தது.

அப்போது தம்பி எம்மைத் தனியே அழைத்தான். "அண்ணா, இரண்டும் தங்கம். எடைக்கு மேல் ஒரு பத்தாயிரம் சேர்த்துக் கொடுத்தால் அம்மா மகிழ்ந்து கொடுத்துவிடுவார்கள்" என்றான். அவன் சொன்னதில் பொய் இல்லை. அவரும் மகிழ்ந்துதான் கொடுத்திருப்பார். வாய்திறவாமை மோசடியன்று என்று சட்டமும் கூறும். யாம் ஒன்றும் சொல்லாமல் நின்றோம். தம்பி சிறிதுநேரம் பட்டைவாளின் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே இருந்தான். பிறகு அவ்வம்மையாரிடம் சென்று, இன்னின்னது நல்லது, இன்னின்னது போயிற்று, இவற்றைச் செப்பனிட இவ்வளவு ஆகும், ஆளோட்டத்தில் உள்ள இத்தகைய பொறி இவ்விலைக்குப் போகின்றது, ஆகையால் இவ்வளவு தருகின்றேன் என்று ஒரு தாளில் எழுதிக் காட்டினான். அஃது எடைக்கு வந்த விலையினும் இருமடங்குக்கு மேற்பட்டது. பாதி அன்றே கொடுத்தான்; மீதியை ஆறு மாதத்தில் தீர்த்தான்.

இத்தோடு கதை இனிதே முடிந்ததென்று எண்ண வேண்டா. அவ்வம்மையாரின் கொழுந்தனார், "இன்னும் கேட்டிருக்கலாம், வாத்தியார் தம் தம்பிக்கு மலிவாக முடித்துக் கொடுத்துவிட்டார்" என்று இன்றுவரை ஊரிற் சொல்லிவருகின்றார். அவர் கூற்றில் சிறிது நியாயமும் உண்டு. விலை சொன்னவனும் வாங்கியவனும் ஒருவனே. அன்று வேறொரு தச்சரையும் அழைத்து விலை மதிக்கச் செய்திருக்க வேண்டும். அது செய்யாமை எம் பிழையே. இனி நம் சங்கத்துக் குடும்பங்களில் இத்தகைய விற்பனை நேரும்போது, வாங்குபவர் அல்லாத இருவர் பார்த்து, குறையும் நிறையும் விலையும் ஒரு தாளில் எழுதி, இருபுறத்தாரும் கையொப்பமிட்டுக்கொள்வது நலம் என்று செயலாளர் அவர்களிடம் விண்ணப்பித்துள்ளோம். நிருவாகக் குழுவார் ஆராய்வதாகச் சொன்னார்கள்.

ஏற்றிச் செல்லும்போது கவனம் வேண்டும் என்பதையும் சொல்லி முடிக்கின்றோம். பன்னிரண்டு அங்குல இழைப்புப் பொறி ஐந்நூறு கிலோவைத் தாண்டுவதும் உண்டு. கயிற்றை அடித்தளத்திற் கட்டித் தூக்க வேண்டுமேயன்றி, மேசையிலோ கத்தியுருளையிலோ கட்டுதல் கூடாது. கத்திகளை முன்னரே கழற்றித் துணியிற் சுற்றிக் கொள்க. எம் தம்பியின் முதற்பொறி உடைந்ததும் இத்தகைய ஒரு தூக்கலில்தான் இருக்க வேண்டும் என்று அந்த ஃபிட்டர் கூறினார்.

அன்பர் ஒருவர் நன்கொடையால் மூன்றடி எஃகு மட்டக்கோல் ஒன்றும், இடைவெளி அளக்கும் பீலர் கேஜ் ஒன்றும், மோட்டாரின் காப்பைச் சோதிக்கும் மெக்கர் ஒன்றும் வாங்கப்பட்டு, நம் படிப்பகத்து இரண்டாம் அலமாரியில் வைக்கப்பெற்றுள்ளன. வேண்டுவோர் பதிவேட்டில் ஒப்பமிட்டு எடுத்துச் செல்லலாம். மட்டக்கோலைச் சுவரிற் சாய்த்து வைக்காமல் மரப்பெட்டியிலேயே இட்டுத் திருப்பித் தருமாறு கேட்டுக்கொள்கின்றோம்.